யாருக்கும் அடிபடாத பனிச்சரிவையும் தெரிவிக்க வேண்டுமா?

வெண்சாரல் (டென்வர்) | ஞாயிறு, இரவு 9:40

எட்டு நாட்களாக ஒரு விஷயம் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. இங்கே மலையேறுபவர்களும் பனிச்சறுக்குபவர்களும் இருப்பதால் எழுதுகிறேன்.

சென்ற வாரம் சனிக்கிழமை நானும் நண்பர் ஒருவரும் கொலராடோவின் ஃப்ரண்ட் ரேஞ்ச் மலைகளில் சறுக்கப் போயிருந்தோம். டிக்கெட் வாங்கி நாற்காலியில் ஏறிச் செல்லும் இடமல்ல. சறுக்குப் பலகையின் அடியில் வழுக்காத பட்டையை ஒட்டிக்கொண்டு நாமே ஏறி, நாமே இறங்க வேண்டிய திறந்த மலை. அங்கே ரோந்துப் பணியாளர் கிடையாது. வெடி வைத்து ஆபத்தான பனியை முன்கூட்டியே சரியவைப்பவரும் கிடையாது. நண்பர் என்னைவிட மிகுந்த அனுபவசாலி.

அவர் முதலில் இறங்கிக் கீழே ஓரமாக நின்றார். அடுத்து நான். இரண்டாவது திருப்பத்தில் எனக்கு மேலே பத்தடி தூரத்தில் பனியில் ஒரு கோடு ஓடியது, கண்ணாடியில் விரிசல் விழுவது போல. அது என்ன என்று மனம் எண்ணி முடிப்பதற்குள் காலடியில் இருந்த தரையே பாளம் பாளமாகப் பிளந்து நகர்ந்தது. ஒரு ஊசியிலை மரத்தில் தோள் மோதி நின்றேன். இடுப்பு வரை பனி. சரிந்தது என்னைக் கடந்து கீழே போய் நின்றது. இழந்தது ஒரு சறுக்குக் கோல் மட்டுமே.

காருக்குத் திரும்பும் வரை இருவரும் வாய் திறக்கவில்லை. பூட்ஸைக் கழற்றும்போது நண்பர் சொன்னார்: “ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் சொல்ல வேண்டாம்.” நானும் தலையாட்டினேன்.

கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையத்தின் இணையதளத்தில், மலையில் கண்டதை யார் வேண்டுமானாலும் பதியலாம். அந்தப் படிவத்தை மூன்று முறை திறந்து, நிரப்பாமலே மூடிவிட்டேன். யாருக்கும் அடிபடாததைத் தெரிவிக்க வேண்டுமா? எட்டு நாள் கழித்துச் சொல்வதில் பயன் இருக்கிறதா?

இரவுவிளக்கு (கொலராடோ, மீட்புக் குழுத் தன்னார்வலர்) | திங்கள், காலை 6:15

தம்பி, நீங்கள் உட்கார்ந்து இதை எழுத முடிந்ததே பெரிது. தோளை ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் ‘ஆம்’ என்பதுதான் பதில். ஏன் என்று ஓர் இரவை வைத்துச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாலை, சாலையில் போன ஒருவர் எதிர்மலையில் பனி புதிதாகச் சரிந்திருப்பதைப் பார்த்துவிட்டு 911-ஐ அழைத்தார். சரிவுக்குள் இரண்டு சறுக்குத் தடங்கள் நுழைகின்றன. வெளியே வரும் தடம் எதுவும் தெரியவில்லை. நாங்கள் பன்னிரண்டு பேர் ஏறினோம். சரிந்து நின்ற பனி சிமெண்ட் போல இறுகிவிடும், கையால் தோண்ட முடியாது. வரிசையாக நின்று ஒவ்வோர் அடியாக நீளக் கம்பியைக் குத்திக்கொண்டே போக வேண்டும். கல்லில் பட்டால் கம்பி ‘ணங்’ என்று அதிரும். மண்ணில் பட்டால் சொருகி நிற்கும். உடலில் பட்டால் மெத்தென்று இருக்கும். அன்று மூன்று முறை மெத்தென்று இருந்தது. மூன்று முறையும் தோண்டினோம். மூன்றும் உளுத்த மரம். எங்கள் தலைக்கு மேலே இன்னும் சரியாத பனி பாதி மலைக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

நள்ளிரவு நெருங்கும்போது கார் எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடித்தார்கள். அந்த இருவரும் மாலையே பத்திரமாக வீட்டுக்குப் போயிருந்தார்கள். பனியைக் கிளப்பிவிட்டதை யாரிடமும் சொல்லவில்லை. ‘நாங்கள் வெளியே வந்துவிட்டோம், உள்ளே யாருமில்லை’ என்று ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாயிருந்தது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வெட்கத்தாலோ செலவுக்குப் பயந்தோ பேசாமல் இருந்திருக்கலாம். பலருக்குத் தெரிவதில்லை: கொலராடோவில் மீட்புக் குழுக்கள் ஊதியம் வாங்காத தன்னார்வலர்கள். மீட்புக்குக் கட்டணம் வாங்குவதில்லை.

எட்டு நாள் ஆனாலும் பதியுங்கள். எந்த இடம், எத்தனை மணி, சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது, எவ்வளவு செங்குத்து, பாளம் பிய்ந்த விளிம்பு எத்தனை அடி உயரம். படம் இருந்தால் அதுவும்.

தாவோஸ்வாசி (சுவிட்சர்லாந்து) | திங்கள், பிற்பகல் 2:05

இரவுவிளக்கு அண்ணா சொன்னதற்குப் பின்னால் இருக்கும் பனியின் கதையைச் சொல்கிறேன். எட்டு நாள் என்பது ஏன் பெரிய தாமதம் அல்ல என்பது அப்போது விளங்கும்.

கொலராடோவில் குளிர்காலத் தொடக்கத்தில் பனி மெல்லியதாகவே படியும். அடியில் நிலம் 0 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் இருக்கும். மேலே தெளிந்த வானத்தின் கீழ் பனியின் மேற்பரப்பு கடுமையாகக் குளிரும். ஒன்றிரண்டு அடிக்குள் இவ்வளவு வேறுபாடு இருப்பதால் நீராவி கீழிருந்து மேலே ஏறி, துகள்களைக் கோணங்கோணமாக வளரவைக்கும். அந்தப் பனியைக் கையில் அள்ளிப் பாருங்கள். உருண்டை பிடிக்க வராது. சர்க்கரை போல விரலிடுக்கில் வழிந்துவிடும். இதன்மேல் புதுப்பனி விழுந்து, காற்றால் இறுகிப் பாளமானால், தரையில் கொட்டிய சர்க்கரையின் மேல் கனத்த பலகையைச் சாய்த்து வைத்தது போலத்தான். ஓர் ஆளின் எடை போதும். பனிச்சரிவில் சிக்குபவர்களில் பத்தில் ஒன்பது பேர் தாங்களோ உடன் வந்தவரோ கிளப்பிவிட்ட சரிவில்தான் சிக்குகிறார்கள்.

இந்தச் சர்க்கரை அடுக்கு நாலு நாளில் ஆறாது. வாரக்கணக்கில், சில ஆண்டுகளில் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். உங்கள் சரிவில் இருந்த அதே அடுக்கு, அதே உயரத்தில் அதே திசையைப் பார்க்கும் மற்ற சரிவுகளிலும் இப்போது காத்திருக்கலாம். முன்னறிவிப்பாளர் ஒவ்வொரு மலையிலும் குழி தோண்டிப் பார்க்க முடியாது. நீங்கள்தான் அவர் கண்.

இங்கே தாவோஸில் இருக்கும் பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் 1936-37 குளிர்காலம் முதல் விபத்துகளைப் பதிந்து வருகிறது. புதைந்தவரை 15 நிமிடத்துக்குள் எடுத்துவிட்டால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பார்கள், 35 நிமிடம் ஆனால் மூன்றில் ஒருவர்தான் பிழைப்பார் என்று பயிற்சி வகுப்பில் நீங்கள் படித்திருப்பீர்கள். அது 1981 முதல் 1991 வரை சுவிட்சர்லாந்தில் புதைந்த 422 சறுக்குநரின் பதிவுகளிலிருந்து வந்த கணக்கு. 1994-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. பிறகு 2020 வரையான பதிவுகளைச் சேர்த்துப் பார்த்து 2024-இல் வெளியான ஆய்வு, அந்தப் பொன்னான நேரம் 10 நிமிடம்தான் என்று சுருக்கிவிட்டது. நண்பரின் தலை பனிக்குள் மறைந்த நிமிடத்தையும், முகம் வெளியே தெரிந்த நிமிடத்தையும் நடுங்கும் கையோடு யாரோ ஒருவர் சொன்னதால் கிடைத்த எண்கள் இவை.

நேர்கோடு (கொலராடோ) | திங்கள், இரவு 8:30

நல்ல மனத்தோடு எல்லோரும் ‘சொல்லுங்கள்’ என்கிறீர்கள். சொன்னவருக்கு என்ன நடந்தது என்பதையும் அவர் தெரிந்துகொள்ளட்டும்.

2020 மார்ச் 25. ஐசன்ஹோவர் சுரங்கப்பாதைக்கு மேலே உள்ள மலையில் பனிப்பலகையில் சறுக்கிய இருவர் பனிச்சரிவைக் கிளப்பிவிட்டார்கள். அது கீழே ஒரு பராமரிப்புச் சாலையைப் பனியால் மூடியது. பனியை முன்கூட்டியே சரியவைக்கும் கருவி ஒன்றையும் நாசமாக்கியது. அவர்கள் ஓடவில்லை. தாங்களே தகவல் கொடுத்தார்கள். பனிச்சரிவு மையத்துக்கு உதவியாக இருக்கட்டும் என்று தலைக்கவசத்தில் இருந்த கேமராவின் காணொளியையும் கொடுத்தார்கள். பிறகு மாவட்ட அரசு வழக்கறிஞர் அவர்கள்மீது பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்த வழக்குத் தொடுத்தார். கருவிக்கான இழப்பீடாக 1,68,000 டாலர் கேட்டார். அவர்கள் கொடுத்த அதே காணொளி வழக்கில் சான்றாக நின்றது.

இதைப் படித்த பிறகு எத்தனை பேர் படிவத்தை நிரப்புவார்கள்? எனக்கு இரண்டு பிள்ளைகள். நான் நிரப்பமாட்டேன்.

இரவுவிளக்கு | திங்கள், இரவு 9:12

நீங்கள் சொன்ன வழக்கு உண்மை. அந்தச் செய்தி வந்தபோது எங்கள் குழுவில் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கியது. ஆனால் மீதியையும் சொல்ல வேண்டும். பனிச்சரிவு மையத்தின் ஆட்களைச் சாட்சியாக அழைத்தபோது, அவர்களை அழைக்க வேண்டாம் என்று நீதிமன்றத்தை நாடியவர் கொலராடோவின் தலைமைச் சட்ட அதிகாரியே. இப்படிச் செய்தால் இனி மக்கள் தகவல் சொல்லவே தயங்குவார்கள் என்பதுதான் அவர் வாதம். வழக்கு 2021-இல் உடன்பாட்டில் முடிந்தது. இழப்பீட்டுக் கோரிக்கையும் கைவிடப்பட்டது.

அந்தச் சரிவுக்குக் கீழே சாலை இருந்தது. அங்கே பணியாளர்கள் வந்துபோவார்கள். அதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. சாலைக்கு மேலே சறுக்கக் கூடாது என்று வகுப்பெடுக்கும் ஆள் நான். ஆனாலும் தானாக முன்வந்து கொடுத்த காணொளியைக் குற்றச்சாட்டுக்குப் பயன்படுத்தியது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். அதனால் ஒரு சாலைக்குக் கிடைத்த பாதுகாப்பைவிட, வாய் மூடிப்போனவர்களால் வந்த ஆபத்து பெரிது.

தாவோஸ்வாசி | செவ்வாய், காலை 11:20

ஐரோப்பாவிலும் இந்தப் பயம் உண்டு. இத்தாலியின் தண்டனைச் சட்டத்தில் பனிச்சரிவை உண்டாக்குவது குற்றமாகவே எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் பக்கம் உயிரிழப்பு என்றால் விசாரணை நிச்சயம். ஆனால் வெண்சாரலின் நிலை அதுவல்ல. அவருடைய சரிவுக்குக் கீழே சாலையும் இல்லை, ஆளும் இல்லை.

விண்வழி (சியாட்டில், விமானப் பராமரிப்புப் பொறியாளர்) | செவ்வாய், இரவு 7:48

நான் பனிமலைக்குப் போனவன் அல்ல. ஆனால் நேர்கோடு அவர்கள் கேட்ட கேள்விக்கு என் துறையில் ஒரு பதில் இருக்கிறது. அது பிணங்களின் மேல் எழுதப்பட்ட பதில்.

1974 டிசம்பர் 1. டி.டபிள்யூ.ஏ. 514 என்ற விமானம் வாஷிங்டன் அருகே டல்லஸ் விமான நிலையத்தில் இறங்கும்போது, எந்த இடத்தில் எவ்வளவு தாழலாம் என்பதில் குழப்பம் ஏற்பட்டு, வர்ஜீனியாவின் மவுண்ட் வெதர் மலையில் மோதியது. 92 பேரும் இறந்தார்கள். விசாரணையில் தெரிந்தது: ஆறு வாரம் முன்பு வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே இடத்தில், அதே குழப்பத்தால் மலையில் மோதாமல் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் மறைக்கவில்லை, தங்கள் நிறுவனத்திடம் சொன்னார்கள். நிறுவனமும் தன் விமானிகளை எச்சரித்தது. அடுத்த நிறுவனத்தின் விமானிகள் காதுக்கு மட்டும் அது எட்டவில்லை.

1976-இல் அமெரிக்கா ஓர் ஏற்பாடு செய்தது. விமானி தன் தவற்றைத் தானே எழுதி அனுப்பலாம். அதை வாங்கி வைப்பது தண்டிக்கும் துறை அல்ல, நாசா. பெயரையும் அடையாளத்தையும் நீக்கிவிட்டுத்தான் பாடத்தை வெளியிடுவார்கள். வேண்டுமென்று செய்யாத விதிமீறலைப் பத்து நாளுக்குள் தெரிவித்தவருக்குத் தண்டனை கிடையாது. விபத்துக்கும் குற்றத்துக்கும் இந்தச் சலுகை பொருந்தாது. நான் தினமும் தொடும் இயந்திரங்களின் கையேட்டில் எத்தனையோ வரிகள் இப்படி யாரோ ஒருவர் கூச்சத்தை விழுங்கிக்கொண்டு எழுதி அனுப்பியதால் வந்தவை.

பனிமலைக்கும் இப்படி ஒரு சட்டக் காப்பு வேண்டும். அது இல்லை என்று நேர்கோடு அஞ்சுவது நியாயம்தான். ஆனால் அது வரும்வரை பேசாமல் இருந்தால், 514-க்கு முந்தைய அந்த ஆறு வாரத்திலேயே நாம் நின்றுகொண்டிருக்கிறோம்.

புதுத்தடம் (பெங்களூரு) | செவ்வாய், இரவு 10:02

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். அடுத்த மாதம் பனிச்சறுக்குக்காகக் காஷ்மீரின் குல்மார்க் போகிறேன். அங்கே இப்படிப் பனிச்சரிவு எச்சரிக்கை கிடைக்குமா?

தாவோஸ்வாசி | செவ்வாய், இரவு 11:31

இந்தியாவில் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் கீழ் இயங்கும் நிறுவனம் (முன்பு மணாலியில் ‘சாசே’ என்று இருந்தது) எச்சரிக்கை வெளியிடுகிறது. மாவட்ட நிர்வாகமும் அறிவிக்கும். அதைத் தினமும் பாருங்கள். கேபிள் கார் மேலே கொண்டுபோய் விடுகிறது என்பதற்காக அங்குள்ள அபர்வத் மலை முழுவதும் பாதுகாப்பானது என்று நினைத்துவிடாதீர்கள். 2023 பிப்ரவரி 1 அன்று அங்கே பனிச்சரிவில் போலந்து நாட்டினர் இருவர் இறந்தார்கள். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் சறுக்குப் பகுதியின் எல்லைக்கு வெளியே போகாதீர்கள்.

கயல் (சால்ட் லேக் சிட்டி) | புதன், காலை 7:25

சட்டத்தைவிட எனக்கு வேறொன்று பெரிதாகத் தெரிகிறது. வசவு.

2021 பிப்ரவரி 6 அன்று எங்கள் ஊருக்குப் பக்கத்தில், மில்கிரீக் பள்ளத்தாக்கின் வில்சன் கிளேடில், ஒருவரையொருவர் அறியாத இரண்டு குழுக்கள் ஒரே சரிவில் இருந்தன. எட்டுப் பேர் சிக்கினார்கள், ஆறு பேர் முழுவதும் புதைந்தார்கள், நான்கு பேர் இறந்தார்கள். தப்பியவர்கள் தாங்களே தோண்டி மற்றவர்களை எடுத்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் அமெரிக்கா முழுவதும் பனிச்சரிவில் இறந்தவர்கள் 37 பேர். என் கணவரும் சறுக்குபவர் என்பதால் அன்று இரவு செய்திகளின் கீழே வந்த கருத்துகளை எல்லாம் படித்தேன். ‘தெரிந்தேதானே போனார்கள்’, ‘முட்டாள்களுக்கு இதுதான் முடிவு’. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் படிப்பாரே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிறகு யூட்டா பனிச்சரிவு மையத்தின் அறிக்கையைப் படித்தேன். எங்கே ஏறினார்கள், யார் எங்கே நின்றார்கள், எவ்வளவு செங்குத்து, எந்த அடுக்கு உடைந்தது. தப்பியவர்கள் உட்கார்ந்து சொல்லாமல் அப்படி ஓர் அறிக்கை வந்திருக்காது. என் கணவர் அதை அச்செடுத்து, தன் நண்பர்களோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்தார். அந்தச் சரிவு 30 பாகையைச் சற்றே தாண்டியதுதான். ‘இவ்வளவு சாய்வில் நாமும் எத்தனை முறை ஒன்றாக நின்றிருக்கிறோம்’ என்று அவர் சொன்னபோது அறையில் யாரும் பேசவில்லை. அதன் பிறகு அவர்கள் ஒவ்வொருவராகத்தான் சரிவைக் கடக்கிறார்கள்.

வெண்சாரல் அண்ணா, உங்களை யாராவது இங்கே ஏசினால் நான் பதில் சொல்கிறேன். நீங்கள் எழுதுங்கள்.

வெண்சாரல் | புதன், இரவு 11:50

எல்லோருக்கும் நன்றி. இரண்டு இரவுகளாக மையத்தின் பழைய அறிக்கைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். பெயர் கிடையாது, ‘சறுக்குநர் 1’, ‘சறுக்குநர் 2’ என்றுதான் எழுதுகிறார்கள். 2013 ஏப்ரல் 20, லவ்லேண்ட் கணவாய் அருகே ஷீப் கிரீக். ஆறு பேர் சிக்கி ஐந்து பேர் இறந்தார்கள். அவர்கள் அன்றைய எச்சரிக்கையைப் படித்திருந்தார்கள். ஆபத்தான சரிவைத் தவிர்க்கத்தான் நினைத்தார்கள். அதன் அடிவாரத்தைக் கடந்து பாதுகாப்பான பக்கம் போகும் வழியிலேயே மேலிருந்து வந்துவிட்டது. பிழைத்த ஒருவர் மணிக்கணக்கில் பனிக்குள் அசைய முடியாமல் கிடந்தார்.

அதைப் படித்தபோதுதான் முதல் பதிவில் நான் ஒன்றை எழுதாமல் விட்டது உறைத்தது. ஏறும்போது ஓரிடத்தில் காலடியில் ‘தொம்’ என்று ஓர் ஓசை கேட்டது. உள்ளே அடுக்கு உட்காரும் ஓசை. வகுப்பில் சொல்லிக்கொடுத்த முதல் எச்சரிக்கையே அதுதான். முன்னால் போன நண்பர் நிற்கவில்லை. இவ்வளவு அனுபவம் உள்ளவர் நிற்காதபோது நான் என்ன சொல்வது என்று நானும் நடந்தேன்.

தாவோஸ்வாசி | வியாழன், காலை 9:15

இதைச் சொன்னதற்காக உங்களை வணங்குகிறேன். இயான் மெக்கேமன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் 715 பனிச்சரிவு விபத்துகளை எடுத்து, பனியைப் பார்க்காமல் மனிதர்களைப் பார்த்தார். பழகிய இடம் என்ற தைரியம், எடுத்த முடிவை மாற்ற மனமின்மை, முன்னால் போகிறவருக்குத் தெரியும் என்ற நம்பிக்கை, இப்படிச் சில பொறிகளில் திரும்பத் திரும்ப விழுகிறோம் என்று 2004-இல் எழுதினார். ‘தொம்’ ஓசையைப் படிவத்தில் கட்டாயம் எழுதுங்கள். பாளத்தின் உயரத்தைவிட அது முக்கியம்.

வெண்சாரல் | வியாழன், இரவு 8:05

நண்பரிடம் தொலைபேசியில் பேசிவிட்டு, மாலை 6 மணிக்கு அனுப்பிவிட்டேன். வடகிழக்கு நோக்கிய சரிவு, மரங்கள் முடியும் எல்லையை ஒட்டி, பிய்ந்த விளிம்பு ஏறத்தாழ இரண்டடி, இரண்டு படங்கள். ‘ஏறும்போது எனக்கு ஓசை கேட்டது, நான் சொல்லவில்லை’ என்றும் எழுதினேன். இந்த இழையின் முகவரியை நண்பருக்கும் அனுப்பியிருக்கிறேன்.

நேர்கோடு | வியாழன், இரவு 9:30

நான் எழுதியதில் பயம் அதிகம் இருந்தது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. சட்டம் மாற வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன். ஆனால் வரும் சனிக்கிழமை நானும் மரங்களின் எல்லைக்கு மேலேதான் போவதாக இருந்தேன், வடகிழக்குப் பக்கம். போகவில்லை.

இரண்டாம்தடம் (புதிய உறுப்பினர்) | வெள்ளி, அதிகாலை 1:17

அந்த நண்பர் நான்தான். வெண்சாரல் எழுதியதில் ஒரு திருத்தம்.

அந்த ஓசை எனக்கும் கேட்டது. திரும்பிப் பார்த்தேன், அவர் தலைகுனிந்து ஏறிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கவில்லை போலும், சொன்னால் பயந்துவிடுவார் என்று நினைத்தேன். ‘வீட்டில் சொல்ல வேண்டாம்’ என்று நான் சொன்னதும் அதனால்தான். வீட்டில் சொன்னால் முதலில் அதைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். படிவத்தில் அதையும் சேர்த்துவிடுங்கள்.

வெண்சாரல் | வெள்ளி, காலை 6:02

சேர்த்துவிட்டேன். ‘ஓசை இருவருக்கும் கேட்டது. இருவரும் பேசவில்லை.’